சைரன் அக்காவின் மிரட்டல் வகுப்பு

எங்கள் சபையில் அவரை எல்லோரும் சைரன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாவது மாடியில் நின்று யாரையாவது கூப்பிட்டாரென்றால் தெருமுனை டயர் கடைக்காரர் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அப்படியொரு தொண்டை! பார்த்த வேலையோ அந்தத் தொண்டைக்கு நேர் எதிர். வாஷிங் மெஷின் விற்கும் ஒரு நிறுவனத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புகார் சொல்ல அழைப்பவர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும். "புரியுதுங்க, நீங்க சொல்லுங்க" என்று குழைந்து பேச வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தன் சொந்தக் குரலை எடுப்பார்.

அந்த வருடம் புதிய சட்டம் ஒன்று வந்தது. அனுமதி இல்லாமல் வீடுகளில் கூடி ஜெபிக்கக் கூடாது. அனுமதி கேட்டாலோ கிடைக்காது. எங்கள் ஜெபக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். நாங்கள் அக்கா வீட்டு முன்னறையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரத் தொடங்கினோம்.

பிறகுதான் பக்கத்து நகரத்துச் செய்தி வந்தது. அங்கே அதிகாரிகள் உள்ளே நுழைந்ததும் ஒருவர் பதறிப்போய் ஜன்னல் வழியே குதித்துக் காலை உடைத்துக்கொண்டாராம். ஒரு பெண், நீட்டிய தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். தன் தம்பியே தன்னை ஏமாற்றி மதம் மாற்றினான் என்று அதில் இருந்திருக்கிறது. அந்தத் தம்பி சிறைக்குள் போய்விட்டான்.

இங்கேயும் வந்தால் என்ன செய்வது என்று ஆளாளுக்குப் புலம்பினோம். அக்காதான் எழுந்தார்.

"பயப்படுறதுல தப்பே இல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, எவனாவது போன்ல கத்தினா பாத்ரூமுக்குப் போய் அழுதுட்டு வருவேன். இப்ப கத்தக் கத்த எனக்கு நிதானம் வருது. எல்லாம் பழக்கம்தான். ஜெபமும் பண்ணுவோம், பழகியும் வைப்போம்."

அப்படித் தொடங்கியதுதான் மிரட்டல் வகுப்பு. அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். எங்களுக்கு டிரைவர் அண்ணன். அவருடைய தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அக்கா மேசைக்குப் பின்னால் அதிகாரியாக உட்காருவார். நாங்கள் ஒவ்வொருவராக முன்னால் போய் நிற்க வேண்டும். "யாருடா உங்க தலைவன்? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். மூக்குக்கண்ணாடிக் கடையில் அன்றாடம் ஊரார் கண்ணை நேருக்கு நேர் பார்க்கும் எனக்கே பார்வை தரைக்குப் போய்விடும்.

பொய் சொல்லக் கூடாது. அதில் அக்கா கறார். தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னால் முதலிலிருந்து நிற்க வேண்டும். "அடுத்தவங்களைப் பத்தி நான் சொல்லமாட்டேன் சார்" என்று மரியாதையாக, நேராகச் சொல்லிப் பழக வேண்டும். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. திட்டுகிறவரைத் திருப்பித் திட்டாமல் அவருக்காக ஜெபிக்க வேண்டும்.

"சத்தமாவா அக்கா?" என்று கேட்டார் எங்களில் ஒருவரான தையல்காரி.

"ஏம்மா, அவரை இன்னும் கடுப்பேத்தவா? மனசுக்குள்ள பண்ணு!"

வேதாகமத்தைப் பறித்துக்கொண்டு போனால் என்ன செய்வது? ஆளுக்கொரு பகுதியை மனப்பாடம் செய்தோம். தையல்காரி மிஷின் மிதிக்கிற தாளத்தில் படித்தார். மருந்துக்கடைக்காரர் மாத்திரை எடுத்துக்கொண்டே முணுமுணுக்க, "இதை எத்தனை வேளை சாப்பிடணும்?" என்று கேட்டுக் குழம்பிப் போனார்கள் வாடிக்கையாளர்கள். அப்பா அம்மா இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனால் பிள்ளைகள் யார் வீட்டில் இருப்பார்கள் என்பதையும் பேசி முடித்தோம். பேசும்போது சிலர் அழுதார்கள். பேசி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

வகுப்பில் தேறாத ஒரே ஆள் டிரைவர் அண்ணன். அக்கா எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பார்.

"தலைவனைக் காட்டிக் கொடுப்பியா?"

"சரிங்க."

"ஐயோ, இந்த மனுஷனை வச்சுக்கிட்டு!"

"கல்யாணம் ஆனதுலேருந்து நீ கத்துவ, நான் சரிம்பேன். திடீர்னு மாத்துன்னா எப்படி?"

அறையே சிரிப்பில் குலுங்கும். ஆனால் அக்காவின் முகத்தில் கவலை தெரியும். "எல்லாரும் தாங்கிடுவீங்க. இவரை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்று தையல்காரியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிறு காலை, பாட்டின் நடுவே கதவு இடிபட்டது. திறப்பதற்குள் தாழ்ப்பாள் தெறித்தது. பூட்ஸ் கால்கள், கூச்சல். எங்கள் கண்களெல்லாம் அக்காவிடம் ஓடின. அக்கா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை! சுவரில் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டார்.

ஆனால் அறை கலையவில்லை. ஜன்னல் பக்கம் யாரும் ஓடவில்லை. தையல்காரி பிள்ளைகளை அணைத்து உள்ளறைக்குக் கூட்டிப்போனார். மருந்துக்கடைக்காரர், "சார், உத்தரவு இருந்தா காட்டுங்க, படிச்சுக்குறோம்" என்றார், கடையில் மருந்துச் சீட்டு கேட்கும் அதே குரலில்.

"இதை நடத்துறது யாரு?" என்று அதிகாரி உறுமினார்.

டிரைவர் அண்ணன் முன்னால் வந்தார். "வீடு என்னோடது சார். நான் வர்றேன். இவங்களைப் பத்திக் கேட்டா சொல்லமாட்டேன்."

'சரிங்க' வரவில்லை! நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் பெயர்களைக்கூடக் குறித்துக்கொள்ளாமல் அவரை மட்டும் இழுத்துக்கொண்டு போனார்கள். பயந்ததை நினைத்து வெட்கப்பட அக்காவுக்கு நேரமிருக்கவில்லை. தினமும் காவல் நிலைய வாசலில் போய் நின்றார். நாங்கள் மாறி மாறிக் கூட நின்றோம். ஒரு வாரம் கழித்துப் பிணையில் வெளியே வந்த அண்ணனுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. கன்னத்தில் நீலம் பாய்ந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் முதல் கேள்வி: "சாப்பிட்டியா?"

பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். உட்கார விடவில்லை. அடித்திருக்கிறார்கள். விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிய தாளை நீட்டியிருக்கிறார்கள். முழுதும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். "ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணதைச் சொல்லிக்கிட்டே நின்னேன். பாதி மறந்துடுச்சு. மிச்ச பாதியையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அதுவே போதுமா இருந்துச்சு."

"கோபம் வரலையா அண்ணே?" என்று கேட்டேன்.

"கால் வலியில கோபத்துக்கு எங்கப்பா தெம்பு?"

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. பெயர் தெரியாத ஆட்களைத் திரட்டி, ஆசைகாட்டி மதம் மாற்றினார் என்று குற்றச்சாட்டு. அரசு வழக்கறிஞர், "அங்கே வந்தவர்கள் யார் என்றே இவர் சொல்ல மறுக்கிறார்" என்றார்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்தவர் தையல்காரி. நாங்கள் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கவே இல்லை. "நான் வந்தேன்யா. யாரும் ஆசைகாட்டல. நானாத்தான் வந்தேன்." மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "நானும்." எழுந்த பிறகுதான் நானும் எழுந்துவிட்டேன் என்றே எனக்குத் தெரிந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த மூன்று வரிசையும் எழுந்து நின்றது.

கூண்டிலிருந்த அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடப்பாவிகளா, இதுக்கா நான் அத்தனை அடியும் வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கிட்டு நின்னேன்!"

நீதிபதி சிரிப்பை அடக்கக் கோப்பைப் புரட்டினார். "எல்லாரும் உட்காருங்க. இங்க யார் யாரை ஏமாத்துனாங்கன்னு எனக்குத் தெரியல" என்றார். ஆசைகாட்டிய குற்றம் நிரூபணமாகவில்லை என்று தள்ளினார். அனுமதியில்லாமல் கூடியதற்கு எச்சரித்து அண்ணனை விடுவித்தார். வெளியே படிக்கட்டில் அக்கா ஒவ்வொருவர் கையாகப் பிடித்துப் பிடித்து அழுதார், சிரித்தார்.

சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பேருந்து வேலை அண்ணனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நாற்காலி, கட்டில் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். நாங்கள் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்துவிட்டோம். போன ஞாயிறு என் கடையின் பின்னறையில் கூடினோம். புதிதாக இரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. உட்கார இடம் போதாமல், மூக்குக்கண்ணாடி பிரேம் வைத்த பெட்டிகளை நகர்த்தி ஓரமாக அடுக்கினேன்.