துடக்கு வீட்டுப் பேய்ப்படம்

நித்தியானந்தனை நான் முதலில் கண்டது டென்மார்க்கின் பிராண்டேயில், எங்கள் தொழிற்சாலைக் கன்டீனில். பின்னால் பதினான்கு பேர் தட்டோடு வரிசையில் நிற்க, அவர் கறுப்புப் பாண் துண்டின் மேல் கிடந்த மீனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நேராக ஒன்று, சரித்து ஒன்று, மேலிருந்து ஒன்று. டெனிஷ்காரர்கள் பொறுமைசாலிகள். நான் இல்லை.

"அண்ணை, மீன் செத்துப்போச்சு, ஓடாது. கொஞ்சம் அரக்குங்கோ," என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. தமிழ்க் குரல் கேட்ட சந்தோசத்தில் என் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஓகூஸில் மேற்படிப்பு முடித்து, தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்திருப்பவன் என்று அறிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் ஒரு வலைப்பூ எழுதுறன். நீர் படிச்ச பிள்ளை. பிழை திருத்தித் தருவீரோ?"

எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் ஒழுங்கையிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எழுத்தென்று ஒருவர் கேட்டு வந்தால் மறுக்கத் தெரியாது. ஒப்புக்கொண்டேன். அதன் பலனை மூன்று வருடம் அனுபவித்தேன்.

'டெனிஷ் மண்ணில் ஒரு தமிழ்க் குடும்பம்' என்பது அந்த வலைப்பூவின் பெயர். ஞாயிறுதோறும் ஒரு பதிவு. புதிய தூசி உறிஞ்சும் மெசின் வாங்கிய கதை மூன்று பாகம் வந்தது. மழை பெய்த கதைக்கு இரண்டு. வாசகர் எழுபத்துநான்கு பேர், அத்தனை பேரும் சொந்தக்காரர். யாரும் விரும்பிச் சேர்ந்தவர்கள் அல்ல. கலியாண வீடுகளில் கேட்டு வாங்கிய மின்னஞ்சல் முகவரிகளை அவரே பதிந்து, பதிவு ஏறிய உடனே எல்லாருடைய கைப்பேசியும் 'டிங்' என்னும்படி செய்துவைத்திருந்தார்.

"வலைப்பூ எழுதுறது லேசில்லை தம்பி," என்பார். அவர் காற்றாலை இறக்கைகளுக்குக் கண்ணாடி நார் விரிக்கும் பகுதியில் வேலை. "இறக்கைக்கெண்டால் அளவு இருக்கு. இதுக்கு ஒவ்வொரு கிழமையும் வாழ்க்கையில ஏதாவது நடக்கவேணும்."

"நடக்காட்டி?"

"நடத்தவேணும்."

அப்படித்தான் நடத்தினார். மனைவி வதனி முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து களைத்து வருவார். கறியை ஒருதரம் இறக்கிவைத்துவிட்டு, படத்துக்காக மறுபடி அடுப்பில் ஏற்றவேண்டும். ஐந்து வயது மகள் அபிதா பிறந்தநாள் கேக்கை மூன்று தரம் வெட்டினாள். பதினாலு வயது மகன் துவாரகன் தமிழில் கேட்டதற்கெல்லாம் டெனிஷில் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவருக்கு ஒரே ஒரு முறை சொந்தத்துக்கு வெளியேயும் வாசகர் கிடைத்தார்கள். போன வருட ஹலோவீனுக்குப் பூசணிக்காய் குடைந்த பதிவு. முந்நூற்று நாற்பது பேர் பார்த்தார்கள். அன்றிலிருந்து மனிதருக்கு நிலத்தில் கால் இல்லை. இந்த வருடம் ஹலோவீனுக்குக் குடும்பமாகப் பேய் வேசம் போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போவது என்று முடிவெடுத்தார். பேய்ப்படம், ஒரேயொரு காட்சி, சனிக்கிழமை மதியம்.

வெள்ளி பின்னேரம் பதிவு என்னிடம் திருத்த வந்தது. 'இருட்டில் நால்வரும் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். அபிதா என் மடியில் நடுங்கினாள்.' முழுவதும் நடந்து முடிந்ததுபோல இருந்தது. தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, நாளைக்குத்தானே போறியள்?"

"ஓம். எழுதிவைச்சால் நேரம் மிச்சம். வாசல்ல ஒரு படம் எடுத்துச் செருகினால் சரி."

சீ என்று போய்விட்டது. ஆனாலும் திருத்தி அனுப்பினேன்.

மறுநாள் நான் ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போனேன். வயதுக்கு வந்த பிள்ளை சாருஜா, நித்தியானந்தனின் அக்கா பவளராணியின் மகள். ஒரே அக்கா. பத்தொன்பது வயதில் வழி தெரியாமல் நின்ற நித்தியானந்தனை டென்மார்க்குக்கு எடுத்துவிட்டு, நான்கு வருடம் சோறு போட்டு வைத்திருந்தவர். அந்தப் பிள்ளைக்குத் தலையில் பாலறுகு வைத்துத் தண்ணீர் வார்க்கவேண்டிய தாய்மாமன் இவர் ஒருவர்தான். தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் படத்துக்குப் போவார் என்று நினைத்திருந்தேன், அவரை மண்டபத்தில் காணவில்லை.

"தம்பியைக் காணேல்லையே, அக்கா?" என்று கேட்டேன்.

"அவனுக்குத் துடக்கு," என்றார் பவளராணி. "வவுனியாவில பெரியப்பா முறையான ஒராள் மோசம்போனவர். கட்டிப்போன எனக்கு இல்லை, அவனுக்கு முப்பத்தொரு நாளாம். மண்டபம் ஏழு மாசத்துக்கு முன்னம் எடுத்தது, மாத்தேலாது. என்ன செய்யிறது? முறையை மீறி வா எண்டு கூப்பிடலாமே?"

சாவுத் தீட்டுள்ளவர் நல்ல காரியத்தில் நிற்கக்கூடாது. அவருக்குக் கண் கலங்கிப்போய் இருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. செத்தவரை நித்தியானந்தன் ஒருநாளும் கண்டதில்லை. படத்துக்குப் போக, அக்கா எதிர்த்துக் கதைக்கமுடியாத ஒரு காரணம் அவருக்குத் தேவைப்பட்டது, கிடைத்தது.

மாமன் இடத்தில் குடும்ப நண்பர் கனகசபை நின்று தண்ணீர் வார்த்தார். நான் வெளியே ஓடிப்போய்த் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, அதைப் போடாதேங்கோ. இஞ்சை எல்லாரும் உங்களைத் துடக்கெண்டு நினைச்சுக்கொண்டு நிக்கினம்."

"போட்டாச்சே தம்பி, இப்பதான். ஞாயிறு மட்டும் பொறுக்கேலாமப் போச்சு. ஏன், ஏதும் பிழை விட்டிட்டமோ?"

உள்ளே வரும்போதே 'டிங்' 'டிங்' என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. அவரே சேர்த்துவிட்ட எழுபத்துநான்கு பேரில் அறுபது பேர் அந்த மண்டபத்தில்தான் இருந்தார்கள். படத்தில் சினிமா வாசல். வதனி வெள்ளைச் சேலை உடுத்து, தலைவிரி கோலமாய் நின்றார். நித்தியானந்தன் பிளாஸ்டிக் பல்லைக் காட்டிச் சிரித்தார். அபிதா அழுதுகொண்டிருந்தாள். துவாரகனின் முதுகுதான் தெரிந்தது.

கனகசபை ஈரக் கையைத் துடைத்துவிட்டு ஒருவரின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்.

"துடக்கை வடிவாத்தான் காக்கினம். வெள்ளையெல்லாம் உடுத்திருக்கினம்," என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

பவளராணி சிரிக்கவில்லை. மேடையில் நின்றபடியே அதை வாங்கிக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

"'உறவுகளே வாழ்க்கை' எண்டு முடிச்சிருக்கிறான்," என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பந்தியைப் பார்க்கப் போனார்.

சினிமாவில் நடந்ததை வதனி பிறகு சொன்னார். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளையை, பெரியவர்கள் கூட வந்தாலும், அந்தப் படத்துக்கு விடமாட்டார்கள். அதைக்கூட விசாரிக்காமல் நித்தியானந்தன் ரிக்கற் எடுத்திருந்தார். வதனி அந்த வெள்ளைச் சேலையோடு வெளியில் பிள்ளையை வைத்துக்கொண்டு சோளப்பொரி தின்றார். துவாரகன் "பின்லிட்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டான். வெட்கக்கேடு என்று அர்த்தம். இருட்டில் கட்டிப்பிடித்த நால்வரில் உள்ளே இருந்தவர் ஒருவர்தான். அவரும் இடையில் நித்திரை.

அன்று பின்னேரம் நித்தியானந்தன் என்னை அழைத்தார். மன்னிப்புப் பற்றித்தான் கதைப்பார் என்று எடுத்தேன்.

"தம்பி, தொளாயிரத்தைத் தாண்டிட்டுது. கனடாவிலயிருந்தும் பாக்கினம்."

"அழிச்சுப்போட்டு அக்காட்டைப் போங்கோ அண்ணை."

"வதனியும் அதைத்தான் சொல்லுறா. அக்காட்டை நாளைக்குப் போறன். அழிக்கிறதெண்டால்... இவ்வளவு பேர் ஒருநாளும் வந்ததில்லை, தம்பி."

ஞாயிறு வதனியையும் கூட்டிக்கொண்டு ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போனார். பவளராணி கதவைத் திறந்தார். வதனியை உள்ளே வரச் சொன்னார். பிறகு தம்பியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"நித்தி, அதை எடுத்திட்டியா?"

"அக்கா, கனடாவிலயிருந்தும் பாக்கினம்," என்று தொடங்கினார். கதவு சாத்தப்பட்டது. வதனி தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்வரை அவர் முக்கால் மணித்தியாலம் காருக்குள் இருந்தார். அந்த நேரத்தில் எழுதியதை அன்றைக்கே எனக்கு அனுப்பினார். தலைப்பு 'புரிந்துகொள்ளப்படாத எழுத்தாளன்'. நான் திறக்கவில்லை. இனி அனுப்பவேண்டாம் என்று மட்டும் பதில் போட்டேன்.

நித்தியானந்தன் இப்போதும் பிராண்டேயில், அதே பகுதியில், காலை வேலை செய்கிறார். வலைப்பூ நடக்கிறது. சொந்தக்காரர் எல்லாரும் விலகிவிட்டார்கள். கிழமைக்குப் பத்துப் பதினைந்து பேர் பார்க்கிறார்கள். பேய்ப்படப் பதிவை அவர் இன்னும் எடுக்கவில்லை. வதனியும் பிள்ளைகளும் ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போய் வருகிறார்கள். அவர் போவதில்லை.