எருமைக்கரடும் அக்காவின் பெயரும்

அக்கா.

பெயர் சொல்லி உன்னைக் கூப்பிட ஆசையாக இருக்கிறது. நீ இருந்தவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் முடியவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். அக்கா பத்து முடித்தவள். இரண்டு பேருக்கும் பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவளுக்குக் கல்யாணமான பிறகும் ஒரே வேனில்தான் போனோம். வழியில் எருமைக்கரடு வரும். படுத்திருக்கும் எருமை மாதிரி ஒரு பாறைக் குன்று. போன வருடம் அதன் அடியில் வீட்டுமனை சைட் போட்டவர்கள் நுழைவு வளைவு கட்டி, கரட்டுக்கு ஏதோ 'ஹில்ஸ்' என்று புதுப் பெயர் எழுதிவிட்டார்கள்.

கரட்டடியில் குடியிருந்த வேன் டிரைவர் அண்ணனுக்கு அது பிடித்திருந்தது. "எருமைக்கரட்டுல ஊடுன்னா ஆருங்க பொண்ணு குடுப்பாங்க?" என்றார்.

"உங்களுக்குக் குடுத்தாங்களேங்ண்ணா. கரட்டப் பாத்தா குடுத்தாங்க?" என்றாள் அக்கா.

வேனே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கரட்டை யார் கேட்டுப் பெயர் மாற்றினார்கள் என்று அன்று முழுக்கப் புலம்பினாள். ஆர்டர் கேன்சலானால் லேபிளை வெட்டிவிட்டு வேறு லேபிள் தைக்கிறோம், பனியன் அதே பனியன்தானே என்றேன் நான்.

அப்போது லைப்ரரியில் எடுத்த ஒரு பழைய நாவலை வேனில் சத்தமாகப் படித்துக்காட்டுவாள். அதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர். மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை ஏவ முடியாது என்று, வந்த அன்றே அவளுக்கு வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள். கதை முடியும்போது அவள் வாயே திறப்பதில்லை. பொறுமைசாலி என்றார்கள் வேனில் எல்லோரும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பொறுமையும் இல்லை, ஒன்றும் இல்லை, தன்னைத்தான் கூப்பிடுகிறார்களா என்று தெரியாமல் பேசாமல் இருக்கிறாள் என்றாள்.

"அப்படி எங்க எழுதியிருக்குது? உன்ர கதைய அதுக்குள்ள திணிக்காத" என்றேன். எல்லோர் முன்னாலும்.

அக்காவுக்கும் கல்யாணத்தன்று அதே காரணத்துக்காகப் பெயர் மாற்றியிருந்தார்கள். தெரிந்துதான் சொன்னேன்.

புத்தகத்தை மூடினாள். பிறகு வேனில் படிக்கவே இல்லை. இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தது. நாலே நாள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய சாவுச் செய்தியில் புகுந்த வீட்டுப் பெயர்தான் இருந்தது. கூடப் படித்தவர்கள் வேறு யாரோ என்று நினைத்து வரவே இல்லை. முப்பதாம் நாள் காரியக் கார்டிலாவது பழைய பெயரைப் போட வேண்டும் என்று அவள் மாமியாரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அத்தை கத்துவார் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அது என்ர பேரு கண்ணு. அதையப் போட்டா நான் செத்த மாதிரி. உனக்கு அதுதான் வேணும்னா போட்டுக்க. அவளுக்குப் பதிலா நான் போயிருக்கலாம்."

மீதி வெங்காயத்தை நான் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கார்டு புதுப் பெயரிலேயே அச்சானது.

இப்போதும் வேன் அந்த வளைவைத் தாண்டித்தான் போகிறது. டிரைவர் அண்ணன் எருமைக்கரடு என்றுதான் சொல்லி ஆள் இறக்குகிறார். நாவலைத் திருப்பிக் கொடுக்கவில்லை, என் பையில் கிடக்கிறது. கடைசிப் பக்கங்களை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். ஒருநாள் அக்கா சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. மறுநாள், அது அவள் வருத்தம், புத்தகத்தில் இல்லை என்று தோன்றுகிறது. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

அத்தை நன்றாக இருக்க வேண்டும். அதனால் அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. கூடப் படித்தவர்கள் பழைய பெயரைச் சொல்லியும், புகுந்த வீட்டுப் பக்கத்தார் புதுப் பெயரைச் சொல்லியும், இரண்டும் தெரியாதவர்கள் அக்கா என்று மட்டும் சொல்லியும், எல்லோரும் அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.