வாகரையில் சீட்டுக் குலுக்கிய ஆய்வு

"என்ட பேரை ஆர் வெட்டினது?"

கருவாட்டு ஆய்வின் முதல் கூட்டம். மண்டப வாசலை மறித்து நின்றபடி சரோ அக்கா கேட்டார்.

நான் பல்கலைக்கழக ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போய்த் தகவல் சேகரிப்பவள். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைதான் படிப்பு. தெரியாதவர் வீட்டுப் படலையைத் தட்ட இன்றைக்கும் கூச்சம். ஆனாலும் இந்த வேலை எனக்கு நன்றாக வரும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வாகரைக் கடற்கரைக் கிராமத்தில் அன்று நடந்ததைத்தான் முதலில் சொல்வேன்.

பொருளியல் விரிவுரையாளர் ஒருவரின் ஆய்வு அது. எங்களுக்கு அவர் மிஸ். கருவாடு போடும் பெண்களுக்கு அதைப் பொதி செய்து விற்கப் பயிற்சி கொடுத்தால் வருமானம் கூடுமா என்று பார்க்க வேண்டும். எல்லாருக்கும் ஒன்றாகக் கொடுத்தால், வருமானம் பயிற்சியால் கூடியதா, வலையில் நல்ல மீன் பட்டதால் கூடியதா என்று தெரியாது. அதனால் பாதிப் பேருக்கு இந்த வருடம், மீதிப் பேருக்கு அடுத்த வருடம். காத்திருப்பவர்கள் கொன்ட்ரோல் குறூப். அவர்களும் மாதாமாதம் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒப்பிட ஆளில்லை, ஆய்வு படுத்துவிடும்.

கம்பியூட்டர்தான் பெயர்களை ரண்டமாக, யார் எவர் என்று பாராமல், பிரித்தது. சரோ அக்காவின் மச்சாள் ராணிக்கு இந்த வருடம், சரோ அக்காவுக்கு அடுத்த வருடம். அந்தப் பட்டியலை மண்டப வாசலில் ஒட்டியிருந்தோம். சுனாமிக்குப் பிறகு எத்தனையோ நிவாரணப் பட்டியல்களைப் பார்த்த ஊர் அது. பெயர் இல்லையென்றால் யாரோ வெட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

"ஒருத்தரும் வெட்டல்ல அக்கா. கம்பியூட்டர்தான் எடுத்தது," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கம்பியூட்டருக்கு ராணியத் தெரியுமாக்கும்! முதல்லயே சொல்லியிருந்தா நானும் ஒரு கிலோ கருவாடு குடுத்திருப்பனே."

பெண்கள் சிரித்தார்கள். ராணியின் முகம் சுருங்கியது.

"நான் ஆரையும் கேக்கல்ல மச்சாள்."

"நீ ஏன்கா கேக்கிறாய்? உனக்குத் தானா வரும்." பிறகு சரோ அக்கா என் பக்கம் திரும்பினார். "இஞ்ச பாரு புள்ள, நாங்களும் சீட்டுப் பிடிக்கிறம். எல்லாருக்கும் முன்னாலதான் குலுக்குவம். உங்கட பெட்டி எங்க வெச்சுக் குலுக்கினது? ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டம், போ."

பின்னால் இருந்த பெண்களும் எழும்பிவிட்டார்கள். நான் மண்டபத்துக்குள் இருந்த மிஸ்ஸிடம் போனேன்.

"மிஸ், இஞ்சயே திருப்பிக் குலுக்கினா ஆய்வு கெட்டுப் போகுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பயிற்சி இன்னும் தொடங்கல்லதானே. எல்லாற்ற பேரும் உள்ளுக்கு இருந்தாச் சரி. ஆனா ஒருக்காத்தான். வந்தது வந்ததுதான்."

மீன் வாளி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்து, துண்டை மடித்து உள்ளே போட்டேன். அத்தனை பேர் முன்னால் நான் சத்தமாகப் பேசியது அன்றுதான். பிறகு வாளியைச் சரோ அக்காவிடம் நீட்டினேன்.

"நீங்களே எடுங்க அக்கா. பாதிப் பேர எடுங்க, வாற பேருக்கு இந்த வருசம்."

அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கூச்சல். ராணியின் பெயர் இந்த முறையும் வந்தது. பாதிப் பேருக்கான கடைசித் துண்டுக்கு வந்தபோதும் அவர் பெயர் வந்திருக்கவில்லை; எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அது பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர்.

சரோ அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கை கறியாக்கினாலும் உப்புக் கூடத்தான் போடும்," என்றார்.

மண்டபமே சிரித்தது. ராணி வந்து அவர் தோளைப் பிடித்தாள். "நான் படிச்சிட்டு வந்து உங்களுக்கும் சொல்லித் தாறன் மச்சாள்."

மிஸ் பதறிப்போனார். "ஐயோ, அதை மட்டும் செஞ்சிராதீங்க! ரெண்டு குறூப்பும் ஒண்டாப் போயிரும்."

"கேட்டியாகா? அடுத்த வருசம் வரைக்கும் வாயப் பொத்திக்கொண்டு இரு," என்று ராணியிடம் சொல்லிவிட்டு, சரோ அக்கா என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி புள்ள, கேளு. என்ட பேரை விட்டது நான்தானே. இனி ஆரோட கோவிக்க?"

சொன்னபடி அடுத்த வருடம் காத்திருந்தவர்களுக்கும் பயிற்சி நடந்தது. அதுவரை ஒரு மாதமும் சரோ அக்கா பதில் சொல்லாமல் விட்டதில்லை.

இப்போது எந்த ஊரில் குறூப் பிரித்தாலும் முதலில் ஒரு வாளி கேட்டு வாங்குவேன். குலுக்குவதை எல்லாரும் பார்க்க வேண்டும். எடுக்கும் கை அந்த ஊர்க்காரரின் கையாக இருக்க வேண்டும். ஆகக் கூடுதலாகச் சண்டை பிடிப்பவரின் கையென்றால் இன்னும் நல்லது.