அத்தான் செய்த ஜீப் கூரை

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னிடம் ஒரு ஜீப் இருந்தது. ராணுவம் கழித்துக்கட்டி ஏலம் விட்ட வண்டி. மருந்துக் கடையில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டுவிட்டு அதை வாங்கி வந்தபோது, "பொண்ணு பாக்கலாம்னா வேணாம்னான், இப்ப இதைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறான்" என்று அம்மா மாரெட்பள்ளியில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். மதுரைப் பக்கத்திலிருந்து அந்த வேலைக்காகத்தான் செகந்திராபாத்துக்கு வந்தவர். அவர் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இரும்பு நல்ல இரும்பு" என்று மட்டும் சொன்னார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி வாங்கியாயிற்று, ஓட்டம்தான் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு வழி தெரிந்தது. ஊர் ஊராகப் போய்க் கிணறு வெட்டத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்க்கும் அரசாங்க அலுவலகம் ஒன்று, வாடகைக்கு ஜீப் தேடிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த அதிகாரி நல்லகொண்டாக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். என் வண்டியின் கான்வாஸ் துணியைத் தூக்கிப் பார்த்தார். கை உள்ளே போய் மறுபக்கம் வந்தது.

"இதில் என் கருவி நனைந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார் தெலுங்கில். "மழை தொடங்குவதற்குள் கெட்டியான கூரை போட்டுக் கொண்டு வாருங்கள். வருஷம் முழுக்க ஓட்டம் உங்களுக்கு. இல்லையென்றால் இன்னொருவர் வேன் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்."

வருஷம் முழுக்க ஓட்டம். வேறு எங்கேயும் எனக்கு யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. இது போனால் ஜீப்பை விற்றுவிட்டு மருந்துக் கடை வாசலில் போய் மறுபடியும் நிற்க வேண்டியதுதான்.

அக்கா வீட்டில் இதைச் சொன்னது நான்தான். அக்கா குஷாய்குடாவில் குவார்ட்டர்ஸில் இருந்தாள். அத்தானுக்கு அங்கேயிருந்த மத்திய அரசு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில், பைபர் கிளாஸ் பிரிவில் வேலை. மலை உச்சியில் நிற்கும் பெரிய ஆன்டெனாக்களுக்கு மேலே கவிழ்க்கிற வெள்ளைக் குடைகள் செய்கிற இடம். கண்ணாடி நாரை அடுக்கி, பிசினை ஊற்றி, காய்ந்ததும் அச்சிலிருந்து உரித்தெடுப்பார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான் கையை அப்படியே நிறுத்தினார்.

"கூரைதானே மாப்ள? நான் செஞ்சு தாரேன்."

"உங்களுக்கு எதுக்கு அத்தான் சிரமம்…"

"என்னடா சிரமம்? தினமும் எவனோ போட்ட டிராயிங்குக்குப் பிசின் ஊத்திக்கிட்டிருக்கேன். ஒண்ணாவது நான் போட்டதா இருக்கட்டும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஜீப் என்னுடையதாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

முதலில் அட்டையில் ஒரு கூரை வந்தது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிகளைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, வெட்டி, கோந்து ஒட்டி, ஜீப்பின் மேல் தூக்கி வைத்தார். குவார்ட்டர்ஸே கூடிவிட்டது. இப்படி ஆட்கள் கூடி நின்று ஆளுக்கொன்று சொல்வதைக் கேட்க எனக்கு எப்போதும் ஆசை. அன்றும் என் வண்டி என்பதை மறந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"என்ன சார், ஜீப்புக்கு மாடி கட்டுறீங்களா? வாடகைக்கு விடுவீங்களா?" என்றார் எதிர் பிளாக் கும்பகோணத்துக்காரர்.

"பாத்ரூம் எந்தப் பக்கம் வருது?" என்றாள் அவர் மனைவி.

அத்தானோடு வேலை பார்த்த பழைய நகரத்து பாய் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்கு வருவார். பிசின் கலப்பதில் அவர் கை தனி. அவர் அட்டைக் கூரையைப் பார்த்து, "கைக்கு ஹஸ்தே ஜி? நிக்காஹ் முடியற வரைக்கும் மாப்பிள்ளைக்குப் பூவால முகம் மூடித்தான் இருக்கும். அப்புறம் பாருங்க" என்றார். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று அவர் உருதுவில் கேட்டது எல்லோரையும்தான். சிரிக்காதவர் அத்தான் ஒருவர்தான். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மூலையை அளந்துகொண்டிருந்தார்.

அவர் போட்ட டிசைனை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விரித்து எனக்கு விளக்கினார். ஜீப்பின் விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை. அதன்மேல் கூரை உட்காரும். நெருக்க நெருக்கமாக போல்ட். முன் கண்ணாடிச் சட்டத்தோடும் போல்ட். கதவுகளும் பைபர் கிளாஸ்தான், அங்கேயும் ரப்பர். ஜன்னல்களுக்குத் தடித்த பிளாஸ்டிக் கண்ணாடி, அசையாமல் பதித்தது.

"ஜன்னல் திறக்காதா அத்தான்?"

"திறந்தா தண்ணி வரும்."

"காத்து?"

"கதவைத் திறந்தா காத்து." பென்சிலால் என் நெஞ்சில் ஒரு தட்டு தட்டினார். "எங்க குடைக்குள்ள ஒரு எறும்பு போகட்டும் மாப்ள, நான் அன்னைக்கே வேலையை விட்டுடறேன். அசையக் கூடாது, ஒழுகக் கூடாது. அதான் எங்க பிரிவுக்கே மந்திரம்."

எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. ஹைதராபாத் வெயிலில் ஜன்னல் திறக்காத பெட்டிக்குள் எத்தனை நேரம் உட்கார முடியும்? கேட்க வாயெடுத்தேன். அக்கா சமையலறை வாசலில் நின்றபடி வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். பிறகு தனியாக என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"அவருக்கு வரவேண்டிய பிரமோஷன் போன மாசம் வேற ஆளுக்குப் போயிருச்சுடா. பதினஞ்சு நாளா வாயைத் திறக்கல. இப்பத்தான் விசில் அடிக்கிறாரு. நீ பாட்டுக்கு ஜன்னல் அது இதுன்னு ஆரம்பிச்சிராத."

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான நாளிலிருந்து அத்தானுக்கு முன்னால் அப்பாவே நாற்காலியில் முழுதாக உட்கார்ந்ததில்லை. நான் எம்மாத்திரம்? ஜன்னல் அத்தோடு போயிற்று.

ராணிகஞ்சில் கண்ணாடி நாரும் பிசினும் வாங்கினோம். மரச்சட்டத்தில் பிளாஸ்டர் பூசி அச்சு எழுந்தது. பிசின் வாடையில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வாந்தி எடுத்தன. நார்த்தூள் கொடியில் காய்ந்த துணியிலெல்லாம் ஏறி, அக்கா சேலை கட்டினாலும் அரித்தது, நான் பனியன் போட்டாலும் அரித்தது. பாய் மட்டும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "சொறியக் கூடாது, நக்கோ, சொறிஞ்சா உள்ள போயிடும். மறந்துடு, அதுவும் உன்னை மறந்துடும்" என்பார். மறக்க முடியவில்லை. ராத்திரி தூக்கத்திலும் சொறிந்தேன். நான் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான். மற்றதற்கெல்லாம், "மாப்ள, அந்தப் பக்கம் நில்லு, கை வைக்காத."

ஆனால் கூரை வந்தது பாருங்கள், அதைக் குறை சொல்ல முடியாது. வெள்ளை வெளேரென்று, உச்சியில் லேசாக வளைந்து, ஓரத்தில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால். போல்ட் எல்லாம் முடுக்கி முடித்ததும் அத்தான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை. கும்பகோணத்துக்காரர்கூடக் கிண்டல் பண்ணாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அத்தான் முகத்தை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். அதிகாரி வந்து கூரையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "பாகுந்தி", நன்றாயிருக்கிறது என்றார். திங்கட்கிழமை ஓட்டம் தொடங்கிற்று.

முதல் நாலைந்து நாள் தார்ச்சாலைதான். வேர்வையில் சட்டையைப் பிழிந்தோமே தவிர ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்த வாரக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. நல்லகொண்டா பக்கம் ஒரு சின்னக் கிராமத்துக்கு ஏரிக்கரை மேலே போகவேண்டியிருந்தது. செம்மண். சேறு. வண்டி மேடு பள்ளத்தில் ஆட ஆட, தலைக்கு மேலே 'கிறீச்' என்றது. பிறகு 'டொக்'. அதிகாரி மேலே பார்த்தார். நான் பாதையைப் பார்த்துக்கொண்டேன்.

கரை இறங்கும் இடத்தில் முன்சக்கரம் ஒன்று வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. எதிர்மூலைப் பின்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. முன் கண்ணாடியின் மூலையில் தொடங்கிய ஒரு கீறல், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுமூலைக்கு நடந்து போயிற்று.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதான். ஆனால் ஒன்று சேற்றிலும் ஒன்று காற்றிலும் சுற்றினால் எதை இழுக்கும்?

"இறங்கிப் பாருங்கள்" என்றார்.

கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்தேன். அவர் பக்கம் அவர் தள்ளினார். பின்னால் இருந்த அவருடைய உதவியாளர் பின்கதவை உதைத்தார். மூன்றும் ஒரே மாதிரி இறுகிக் கிடந்தன. அப்போதுதான் புரிந்தது. ஜீப்பின் உடம்பு பள்ளத்துக்கேற்ப முறுக்கிக்கொண்டுவிட்டது. கூரைக்கு முறுக்கத் தெரியாது. அது மலை உச்சியில் அசையாமல் நிற்கும் குடைகளைச் செய்து பழகினவர் செய்தது. இரண்டும் இழுத்துக்கொண்டதில் கதவுகள் நடுவில் மாட்டிக்கொண்டன. வண்டியைத் தூக்கினால் கதவு திறக்கும். கதவு திறந்தால்தான் இறங்கி வண்டியைத் தூக்கலாம்.

"ஜன்னலை உடையுங்கள்" என்றார் அதிகாரி.

ஜாக்கிக் கம்பியால் அடித்தேன். கம்பி திரும்பி என் முழங்காலில் பட்டது. இருந்ததிலேயே தடித்த பிளாஸ்டிக்கை அத்தான் தேடித் தேடி வாங்கியிருந்தார்.

மூச்சுப் பட்டுக் கண்ணாடியெல்லாம் வெள்ளையாயிற்று. அதிகாரி சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெளியே கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாலு பேர் வந்தார்கள், பிறகு பத்துப் பேர். கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தார்கள்.

"ஏமண்டி, பயட்டிக்கி ராரா?" என்றார் ஒரு பெரியவர். வெளியே வர மாட்டீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"தலுபு தெருசுகோவட்லேது!" கதவு திறக்கவில்லை என்று உள்ளேயிருந்து கத்தினார் அதிகாரி. அந்த மெதுவான மனிதர் கத்தி அன்றுதான் கேட்டேன்.

ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் தெலுங்கில் சொன்னது தெளிவாகக் கேட்டது. "பாவம், தண்ணி கண்டுபிடிக்க வந்தாங்களாம். அவங்களையே யாராவது கண்டுபிடிக்கணும் போல." வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு அவளை வாயாரப் பாராட்டியிருப்பேன். அன்று ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடித்துக்கொள்ள அதுதான் இருந்தது.

அவர்களாகவே பேசி, மூங்கில் கொண்டுவந்து, 'ஐசா' போட்டுத் தூக்கினார்கள். சக்கரம் மேலே வந்ததுதான் தாமதம், யாரும் தொடாமலே என் கதவு மெல்லத் திறந்தது. அதிகாரி இறங்கி, மழையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

திரும்பி வரும் வழியில் சொன்னார். "உங்கள் ஜீப் நல்ல ஜீப். கூரையும் நல்ல கூரை. இரண்டையும் இப்படிச் சேர்த்துக் கட்டிவிட்டு என்னை உள்ளே ஏற்றாதீர்கள். திங்கட்கிழமை வரை பார்க்கிறேன்."

நேரே குஷாய்குடாவுக்குத்தான் போனேன். அத்தான் வெளியே வந்து, நான் சொன்னதை முழுதும் கேட்டார். கண்ணாடிக் கீறலை விரலால் தடவினார். கூரையின் மூலையில் போல்ட்டைச் சுற்றி முடி முடியாக ஓடியிருந்த வெடிப்புகளைக் குனிந்து பார்த்தார்.

"கூரையில தப்பு இல்ல மாப்ள. ஜீப்புதான் முறுக்குது."

"ஜீப்புன்னா முறுக்கத்தான் செய்யும் அத்தான். பாதி போல்ட்டைக் கழட்டிட்டு, அடியில ரப்பரைக் கொஞ்சம் தடியா வெச்சு, லூசா விட்டுட்டா…"

"லூசாவா?" அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "லூசா விடுறதுக்குக் கான்வாஸே போதுமே. நான் எதுக்கு?"

அக்கா காபி டம்ளரோடு வாசலில் நின்றாள். இந்த முறை கண்ணால் ஒன்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்தாள்.

அத்தான் உள்ளே போய் அந்தப் பென்சிலோடும் புது சார்ட் காகிதத்தோடும் வந்தார். தரையிலேயே விரித்து உட்கார்ந்தார். ஜீப்பின் அடியிலிருந்து கூரை வரை இரும்புச் சட்டம் கொடுக்க வேண்டுமாம். கூரைக்கு உள்பக்கம் விலா எலும்பு மாதிரி நாலு வரி. "அப்புறம் ஜீப் எப்படி முறுக்கும்னு நானும் பாக்குறேன். மூணு வாரம் குடு மாப்ள."

"திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க அத்தான்."

"நான் வேணா அந்த ஆபீசர்கிட்ட வந்து பேசவா? டெக்னிக்கலா எடுத்துச் சொன்னா அவருக்குப் புரியும்."

புரியாமல் இல்லை, அந்த மனிதருக்கு நன்றாகவே புரிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ராவோடு ராவாக நானே ஸ்பானரை எடுத்துப் போல்ட்டைக் கழற்றியிருக்கலாம். கோடு போட ஆரம்பித்திருந்த அத்தான் தலை நிமிராமல் இடது கையை என் பக்கம் நீட்டினார். உள்ளங்கையில் பிசின் பட்டுக் காய்ந்து தோல் உரிந்திருந்தது.

அந்தக் கையில் ஜீப் சாவியை வைத்தேன். காபி குடித்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். திங்கட்கிழமை அந்த அலுவலக வாசலில், காத்திருந்த அந்த இன்னொருவரின் வேன் நின்றது. அதில் கருவிப் பெட்டிகளை ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன்.