மடுல்சீமைப் பழைய லயத்துக்குக் கூரை ஏறிய நாள்

காலை ஆறு மணிக்குப் பதுளையில் பஸ் ஏறினேன். பசறை தாண்டியதும் பாதை பல்லைக் காட்டியது. மடுல்சீமையில் இறங்கித் தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோ பிடித்தேன். "கடைசி ஏத்தம் நடந்துதாங்க போகணும், வண்டி ஏறாது," என்றார் ஓட்டுநர். காசை வாங்கிக்கொண்ட பிறகுதான் சொன்னார், புண்ணியவான்.

ஒன்பது மணிக்கு மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தேன். கருங்கல் சுவரோடு பழைய லயம் ஒன்று கூரையில்லாமல் நின்றது. தோட்டத்தில் முதன்முதலில் குடியேறியவர்களுக்குக் கட்டிய வீட்டு வரிசை அது. மழைக்கு முன் கூரை போடாவிட்டால், அதை இடித்துவிட்டுக் கொழுந்து நிறுக்கும் மடுவம் கட்டப்போவதாகத் துரை, அதாவது தோட்ட மேலாளர், சொல்லியிருந்தார். மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தது.

"எங்க ஆளுங்க இங்க வந்து வாழ்ந்தாங்கங்கறதுக்கு இத விட்டா வேற என்னங்க இருக்கு?" என்றார் செல்வராணி. கொழுந்து பறிப்பவர், இந்த வேலைக்கு எல்லாரையும் திரட்டியவர்.

முதல் நாள் கூத்தை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். தப்பு மேளம் அடித்ததும் தோட்டமே திரண்டு வந்ததாம். வந்தவர்கள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் நிற்பதுபோல வரிசையாக நின்றுவிட்டார்கள். சரிந்து கிடந்த கல்லை ஒருவரும் தொடவில்லை.

"கணக்கப்புள்ள வந்து பேர் கூப்புடுவாருன்னு நிக்கிறோம். நம்ம வேலைக்கு எந்தக் கணக்கப்புள்ள வருவாரு? அப்புறம் நானே கூப்புட்டேன். மொதல்ல எம் புருசன் பேரத்தான்."

இன்றும் அவர்தான் பேர் கூப்பிட்டார். என் பேரையும் கேட்டு, தகரம் தூக்கும் பக்கம் தள்ளினார். எழுத வந்தவன் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. மூன்று மணிக்குக் கடைசித் தகரம் ஏறியது. ஆணி அடித்து முடிக்கவும் துரை மேலே வரவும் சரியாக இருந்தது. அவர் வாய் திறப்பதற்குள் மழை கொட்டியது. எல்லாரும் உள்ளே ஓடினோம். துரையும்தான்.

தகரம் அதிர்ந்தது. அவர் அண்ணாந்து மூலை மூலையாகப் பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"யாரு வேல குடுத்தது?" என்றார்.

"நாங்களே குடுத்துக்கிட்டோம்ங்க," என்றார் செல்வராணி.

துரை கருங்கல் சுவரைத் தட்டிப் பார்த்தார். "சரி, மடுவத்த ரோட்டுப் பக்கம் கட்டிக்குவோம்."

எழுந்த கூச்சலில் மழைச் சத்தமே கேட்கவில்லை. நானும் சேர்ந்து கத்தினேன். கொழும்பில் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, வேடிக்கை பார்க்க மட்டும்தான் கூட்டம் வந்தது.

கடைசி பஸ்ஸை நினைத்து நான் மனமில்லாமல் கிளம்பியபோது, செல்வராணி ஒரு பலகையைத் துடைத்துப் போட்டுத் துரையிடம் பால் சேர்க்காத பிளேன்டீயை நீட்டிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க தொரை. எங்க வீட்டுக்கு வந்துட்டு நின்னுக்கிட்டே இருந்தா எப்புடி?"

துரை உட்கார்ந்தார்.