எஞ்சின் சத்தம்

திருமயம் பஸ் நிறுத்தத்தில் மதிய வெயிலுக்கு ஒதுங்கி, நானும் காய்கறிப் பையோடு ஒரு பெண்ணும் மட்டும் நிற்கிறோம். "எஞ்சின் சத்தமே கேக்கலையே, இன்னைக்கு வேலைக்குப் போகலையாங்க?" என்று போனில் கேட்கிறாள். பதிலைக் கேட்டுத் தலையாட்டுகிறாள். அதன்பிறகு பேச்சில்லை. போன் மட்டும் காதிலேயே இருக்கிறது.

நான் பார்ப்பதைக் கண்டு போனைச் சற்று விலக்குகிறாள்.

"எங்க வீட்டுக்காரவுகங்க. துபாய் துறைமுகத்துல கன்டெய்னர் தூக்குற கிரேனுக்குக் கீழ வேலை. டீசல் கிரேனையெல்லாம் கரண்டுக்கு மாத்திட்டாகளாம். பொகையும் இல்ல, சத்தமும் இல்ல. அவுக இருமல்கூட நின்னுருச்சாம்."

"நல்லதுதானே?"

"நல்லதுதாங்க. ஆனா முன்னெல்லாம் பேச ஒண்ணுமில்லாட்டியும் அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். இப்பப் பேச்சு நின்னா, அவுக லைன்ல இருக்காகளான்னே தெரியல."

புதுக்கோட்டை பஸ் உறுமிக்கொண்டு வந்து நிற்கிறது. டீசல் புகை முகத்தில் அடிக்கிறது. கண்டக்டர் அவசரப்படுத்துகிறார். அவள் ஏறாமல் முன்பக்கம் போய், போனை எஞ்சினுக்கு நேராக நீட்டிப் பிடிக்கிறாள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறாள். பிறகு காதில் வைத்துக் கேட்கிறாள்.

"கேக்குதாங்க?"