ஃபிளாப்பியில் வைத்த பொட்டு

ஒரகடம் தொழிற்சாலையில் இன்று ஆயுத பூஜைக்குக் குழைத்த சந்தனத்தின் வாசனை, 1991-இல் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெரு மாடியில் இருந்த, பிறகு இடிக்கப்பட்ட கணினிப் பயிற்சி அறைக்கு என்னைக் கொண்டுபோனது. பத்து வயதில் நான் செருப்பைப் படியில் விட்டுவிட்டு, ஏசிக் குளிரில், அங்கே பயின்ற அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன். அங்கிருந்த ஒரே கணினி, அதை இயக்கும் டாஸ் மென்பொருள் இருந்த ஒரே ஃபிளாப்பித் தட்டைச் செருகினால்தான் கரகரவென்று இயங்கத் தொடங்கும். பூஜையன்று அக்கா அந்த ஃபிளாப்பியின் உறையில் உள்ளே இருக்கும் காந்தத் தகடு தெரியும் திறப்பிலேயே சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். மறுநாள் கணினி இயங்கவில்லை.

“இன்னாம்மா, பெட்டிக்குப் பொட்டு வைன்னா டாஸுக்கே வச்சிகீற?” என்றார் பயிற்சி தரும் மாஸ்டர்.

“நாளைக்கு வேலைக்கு டெஸ்ட்டு சார்,” என்ற அக்கா, இருண்ட திரைக்கு முன் உட்கார்ந்து, மனப்பாடமாயிருந்த கட்டளைகளை அடிக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன்.